மருந்தின் மணமும் வீட்டின் சுத்தமும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலும் நோயாளியின் அருகிலும் தொற்றுப் பரவாமல் தடுப்பது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு, வைத்தியசாலையொன்றின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் இவ்விதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் மாமிக்கு இடுப்பு எலும்பு முறிவுக்காக அறுவைச் சிகிச்சை செய்து, அண்மையில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவருக்கு நீரிழிவும் உண்டு. தொடர்மாடியில் ஒரு சிறிய அறையில் வைத்துப் பராமரிக்கிறோம். காயத்தில் கிருமி தொற்றிவிடுமோ என்ற பயத்தில் நாளுக்கு மூன்று தடவை டெட்டோல் கலந்த நீரால் தரையைத் துடைக்கிறேன். மணம் குறைந்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. இது போதுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால், உங்கள் உழைப்பில் பெரும்பகுதி தரைக்குப் போகிறது. மாமியின் காயத்துக்கு ஆபத்து வருவதோ பெரும்பாலும் கைகளின் வழியாக. கட்டிலின் பக்கக் கம்பி, அவர் ஊன்றி நடக்கும் சட்டத்தின் கைபிடி, மின்விளக்கின் ஆளி, தொலைக்காட்சியின் ரிமோட், கழிவறைக் கதவின் பிடி, தண்ணீர்க் குழாயின் திருகு ஆகியவற்றை எத்தனை கைகள் தொடுகின்றன என்று ஒரு காலைப்பொழுது கவனித்துப் பாருங்கள். தரையை யாரும் தொட்டுவிட்டுக் காயத்தைத் தொடுவதில்லை. ஆனால் கழிவறைக் கதவைத் தொட்ட கை, அடுத்த நிமிடமே மாமியின் தலையணையைச் சரிசெய்யும்.

மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணம் வருகிறதென்றால் அங்கே மருந்து இருக்கிறது என்று பொருள்; மருந்து வேலை செய்துவிட்டது என்று பொருளல்ல. டெட்டோலில் கிருமியைக் கொல்லும் பொருள் குளோரொக்சைலெனோல் ஆகும். போத்தலில் உள்ளபடி அதன் செறிவு 4.8 சதவீதம். அழுக்கு, எண்ணெய்ப் பசை, சீழ், இரத்தம் ஆகியவை இருக்கும் இடத்தில் அதன் வலு குறைந்துவிடும். சூடோமோனாஸ் போன்ற சில பற்றீரியாக்கள் அதற்கு இலகுவில் மசிவதுமில்லை. எனவே, நீர் சேர்த்து ஐதாக்கிய கரைசலை வாளியிலோ தெளிக்கும் போத்தலிலோ நாட்கணக்கில் வைத்திருந்து, குறையக் குறைய மேலும் ஊற்றி நிரப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அப்படிப்பட்ட கரைசலுக்குள்ளேயே கிருமி வளர்ந்து, துடைக்கும் இடமெல்லாம் அதைப் பூசிவிடுகிற நிலை வைத்தியசாலைகளிலேயே ஏற்பட்டிருக்கிறது. தேவையான அளவை அன்றன்று கலந்து, மீதியை ஊற்றிவிட்டு, போத்தலைக் கழுவிக் காயவிடுவதே சரி.

செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான்: முதலில் சவர்க்கார நீரால் அழுக்கை அகற்ற வேண்டும், பிறகுதான் தொற்றுநீக்கி. அழுக்கின் மேல் ஊற்றும் மருந்து அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். தரைக்கு, நாளுக்கு ஒரு தடவை சவர்க்கார நீரும் சுத்தமான துணியும் போதும். துடைத்த துணியை நன்றாக அலசி, பல்கனி வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள், ஏனெனில் ஈரத்தோடு வாளிக்குள் சுருண்டு கிடக்கும் துணியே அந்த வீட்டின் மிக அழுக்கான பொருளாகிவிடும். அடிக்கடி தொடும் இடங்களைச் சவர்க்கார நீரால் துடைத்த பின்னர், 70 சதவீத மதுசாரத்தாலோ ஐதாக்கிய பிளீச்சினாலோ துடைக்கலாம். சாதாரண வீட்டுப் பிளீச் திரவத்தில் சுமார் 5 சதவீதம் சோடியம் ஐப்போகுளோரைற்று இருந்தால், அதில் 20 மில்லிலீற்றரை, அதாவது நான்கு தேக்கரண்டியை, ஒரு லீற்றர் நீரில் கலக்க 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அது மேற்பரப்பில் ஏறத்தாழ 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். பூசியவுடனே உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தால், கிருமிக்கு நேரவேண்டியது நேருவதற்கு முன்னரே மருந்தை எடுத்துவிடுகிறோம். உலோகக் கம்பிகளைப் பிறகு வெறும் நீரால் துடைத்துவிடுங்கள். பிளீச் உலோகத்தை அரிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கை கழுவுதல். 1847ஆம் ஆண்டில் வியன்னா பொது வைத்தியசாலையில், வைத்தியர்களும் மாணவர்களும் பணிபுரிந்த மகப்பேற்று விடுதியில் தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறந்துகொண்டிருந்தனர். மருத்துவிச்சிகள் பணிபுரிந்த பக்கத்து விடுதியில் இறப்பு மிகக் குறைவு. பிரேதப் பரிசோதனை செய்த கையோடு வைத்தியர்கள் பிரசவம் பார்க்க வருவதை இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் கவனித்தார். சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரும் அவர்களின் விரல்களில் பிணவாடை நின்றதால், அந்த வாடையைப் போக்கும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவ வேண்டும் என்று மே மாத நடுப்பகுதியில் கட்டாயப்படுத்தினார். ஏப்ரல் மாதத்தில் 18 சதவீதத்துக்கும் மேலாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 2 சதவீதமாக இறங்கியது. நோய்க்குக் காரணம் கிருமி என்று உலகம் ஏற்றுக்கொள்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, கட்டடத்தையோ தரையையோ மாற்றாமல், கையை மட்டும் மாற்றி அவர் அதைச் சாதித்தார்.

ஆகவே, மாமியைத் தொடுவதற்கு முன்னும், காயத்தின் கட்டைத் தொடுவதற்கு முன்னும் பின்னும், கழிவறைக்கு அழைத்துச் சென்று வந்த பின்னும், சவர்க்காரமிட்டு 40 முதல் 60 விநாடி கைகளைக் கழுவுங்கள். விரல் நுனிகள், பெருவிரலின் சுற்று, மோதிரத்தின் அடிப்பகுதி ஆகியவைதான் பெரும்பாலும் விடுபடுகின்றன. பராமரிக்கும் நாட்களில் மோதிரத்தைக் கழற்றி வைப்பது நல்லது. மாமியைப் பார்க்க வரும் உறவினர் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். அவர்களையும் அன்போடு முதலில் கை கழுவும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், கட்டிலின் விளிம்பில் அல்லாமல் கதிரையில் இருக்கச் சொல்லுங்கள். தடிமல், காய்ச்சல் உள்ளவர்கள் சுகமான பின்னர் வரட்டும். இதைச் சொல்ல நம்மவர்கள் மிகவும் கூச்சப்படுகிறார்கள். நோயாளியின் நன்மைக்காகச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

காயத்தின் கட்டை வைத்தியசாலையில் சொன்ன நாளுக்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டாம். காயத்தின் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர், ஐதாக்காத டெட்டோல் ஆகிய எதையும் இட வேண்டாம். ஐதாக்காத தொற்றுநீக்கி, கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தசையையும் கருக்கிவிடும். இரத்தத்தில் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தரையை மூன்று தடவை துடைப்பதைவிடப் பன்மடங்கு பயன் தரும் தொற்றுத் தடுப்பு. காயத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சூடு, கூடிவரும் வலி, நீர் அல்லது சீழ் வடிதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கழிவறைப் பீங்கானின் மஞ்சள் கறை போகவேண்டும் என்பதற்காக, கடையில் விற்கும் கழிவறை கழுவும் திரவத்தோடு பிளீச்சையும் சேர்த்து ஊற்றினேன். உடனே கண் எரிந்து, இருமல் வந்து, மூச்சு முட்டியது. இரண்டும் சேர்ந்தால் வீரியம் கூடும் என்றுதானே நினைத்தேன்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வீரியம் கூடவில்லை, நச்சு வாயு உண்டானது. கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் உண்டு. அமிலமும் பிளீச்சும் சேரும்போது குளோரின் வாயு வெளிவரும். அது நுரையீரலைத் தாக்கும் வாயு. முதலாம் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு ஈப்பர் போர்முனையில் படையினருக்கு எதிராக ஏவப்பட்டதும் இதே வாயுதான். யன்னல் சிறியதாக இருக்கும் நம் குளியலறைகளில் கொஞ்சம் உண்டானாலே ஆபத்து. பிளீச்சோடு அமோனியா சேர்ந்தாலும் இதுபோன்ற நச்சு வாயு வரும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. வினாகிரியும் அமிலமே என்பதால் அதையும் பிளீச்சோடு சேர்க்கக்கூடாது.

இனி இப்படி நேர்ந்தால், கழுவி முடிப்போம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்து, கதவு யன்னல்களைத் திறந்து, நல்ல காற்றில் இருங்கள். இருமல் அடங்காவிட்டாலோ மூச்சு இழுத்தாலோ வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது. கறைக்கு அமிலத் திரவத்தைத் தனியே ஊற்றித் தேய்த்து, நிறைய நீர் விட்டு முழுவதும் அகற்றுங்கள். பிளீச் தேவையென்றால் வேறொரு நாளில் பாவியுங்கள். இன்னொரு வேண்டுகோள்: இவற்றைக் குளிர்பானப் போத்தல்களில் மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தலின் வடிவம் மட்டுமே தெரியும்.

கேள்வி: எங்கள் வீடு களனி கங்கையின் வெள்ளத்தில் மூழ்கும் பகுதியில் இருக்கிறது. 2016 மே மாத வெள்ளத்தில் இடுப்பளவுக்கு மேல் நீர் நின்றது. அதன் பின்னரும் நீர் வந்துபோகிறது. வெள்ளம் வடிந்த பின் வீட்டை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும்? கிணற்றை என்ன செய்வது?
– வாசகர், வெல்லம்பிட்டி

பதில்: வெள்ள நீர் மழை நீர் மட்டுமல்ல. மலக்குழிகளும் வடிகால்களும் குப்பைமேடுகளும் எலிகளின் சிறுநீரும் அதில் கலந்திருக்கும். அதனால், வீட்டைக் கழுவுவதற்கு முன் உங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். நீண்ட சப்பாத்தும் றப்பர் கையுறையும் அணியுங்கள். காலிலோ கையிலோ வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாதபடி மூடுங்கள். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி, தோலில் உள்ள காயங்கள் வழியாகவும் கண், மூக்கு, வாயின் மென்சவ்வு வழியாகவும் உடலுக்குள் நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடுமையான வலி, கண் சிவத்தல் ஆகியவற்றோடு நோய் தொடங்கலாம். சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று கொள்ள வேண்டும். வைத்தியரிடம் போகும்போது, 'வெள்ளத்தில் நடந்தேன்' என்ற ஒரு வசனத்தை மறவாமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றோ டெங்கு என்றோ எண்ணி நாட்கள் வீணாகலாம். முற்காப்பு மாத்திரை தேவையா என்பதைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் மிஞ்சியதை வாங்கி விழுங்க வேண்டாம். ஆணி குத்தியிருந்தால் ஏற்புத் தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை நிறுத்திவைத்து, சேறு காய்ந்து இறுகுவதற்கு முன்னரே வாரி வெளியேற்றுங்கள். சேறு இருக்கும்வரை எந்தத் தொற்றுநீக்கியும் பயன் தராது. பிறகு சவர்க்கார நீரால் தரையையும், சுவரில் நீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேல்வரையும் தேய்த்துக் கழுவுங்கள். யன்னல் சட்டத்தின் அடித்தவாளி, அலுமாரியின் கால், கதவு நிலையின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் மென்மையான களிமண் படலம் ஒட்டியிருக்கும். பழைய பற்றூரிகையால் அதை எடுங்கள். கழுவிய நீர் தெளிவாக ஓடத் தொடங்கிய பின்னரே முன்னர் சொன்ன 0.1 சதவீத பிளீச் கரைசலைப் பூசி, 10 நிமிடம் விட்டு, நீரால் கழுவ வேண்டும். மலக்குழி பொங்கிய இடத்துக்கு 0.5 சதவீதம் தேவை: ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர். நீரில் ஊறிய மெத்தையையும் பஞ்சுத் தலையணையையும் காப்பாற்ற முயல வேண்டாம். விலை கொடுத்து வாங்கியதை எறிவது மனத்துக்குக் கடினம் என்பதை அறிவேன். ஆனால் உள்ளே புகுந்த கழிவு நீரை எந்த வெயிலும் முழுதாக எடுக்காது. துணிகளைச் சூடான நீரில் சவர்க்காரமிட்டுத் துவைத்து வெயிலில் காயவிடலாம். பிள்ளையின் பால் போத்தல், சூப்பி, கரண்டி ஆகியவற்றைக் கழுவிய பின் கொதிநீரில் அவித்தெடுங்கள்.

கிணற்று விடயத்தில் நீங்களாகக் கண்மதிப்பில் குளோரின் பவுடர் போட வேண்டாம். வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்து, சேற்றை எடுத்து, சுவரைத் தேய்த்து, புதிய நீர் ஊறவிட்டு, அதன் பின்னரே குளோரின் இட வேண்டும். எவ்வளவு என்பது கிணற்றின் அகலத்தையும் நீரின் ஆழத்தையும் பவுடரின் வீரியத்தையும் பொறுத்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைக் கணக்கிட்டு இடுவார், பிறகு நீரில் எஞ்சிய குளோரினையும் அளந்து பார்ப்பார். அதுவரைக்கும் கொதித்தாறிய நீரையே குடியுங்கள். நீர் கலங்கலாக இருந்தால் சுத்தமான துணியால் வடித்து, நன்றாகக் குமிழியிட்டுக் கொதிக்கும் நிலையில் குறைந்தது ஒரு நிமிடம் வைத்து, மூடி ஆறவிடுங்கள். டீசலோ எண்ணெயோ மணந்தால் மட்டும், கொதிக்க வைத்தும் குடிக்கக்கூடாது. கொதித்தல் கிருமியைக் கொல்லும், இரசாயனத்தை அகற்றாது. குழாய் நீர் உள்ள வீடுகளில் நிலத்துக்குக் கீழ் உள்ள தாங்கியை மறந்துவிடுகிறார்கள். வெள்ளம் அதற்குள் புகுந்திருந்தால், குழாயில் வரும் நீர் எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பாடசாலையில் பரவிய வயிற்றோட்டமும் சத்தியும் தொற்றிவிட்டன. புத்தகப்பையில் எப்போதும் சனிடைசர் கொடுத்துவிடுகிறேன். அப்படியிருந்தும் எப்படி வந்தது? 70 சதவீதத்துக்குப் பதிலாக 95 சதவீதம் வாங்கினால் நல்லதா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: 95 சதவீதம் வேண்டாம். கிருமியின் புரதத்தைச் சிதைக்க மதுசாரத்துக்கு நீரின் துணை தேவை. நீர் மிகக் குறைந்தால் மதுசாரம் விரைவில் ஆவியாகிவிடும், வேலையும் அரைகுறையாகும். 60 முதல் 80 சதவீதம் வரையுள்ளதே சிறந்தது. உள்ளங்கை நிறைய எடுத்து, கை தானாக உலரும்வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும்.

சத்தியும் வயிற்றோட்டமும் பாடசாலையில் கூட்டமாகப் பரவும்போது நோரோவைரஸ் காரணமாக இருக்கக்கூடும். கொழுப்பு உறை உள்ள வைரஸ்களை, உதாரணமாகக் கொரோனா வைரஸை, மதுசாரம் எளிதில் குலைக்கும். நோரோவைரஸுக்கு அந்த உறை இல்லாததால் சனிடைசருக்கு அது அவ்வளவாக அசைவதில்லை. அழுக்கான கையிலும் சனிடைசர் சரியாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடும் நீருமோ கிருமியைக் கையிலிருந்து கழற்றிக் கழுவிக் கொண்டுபோய்விடும். அது எந்தக் கிருமி என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆகையால் கழிவறைக்குப் போய்வந்த பின்னும் சாப்பிடுவதற்கு முன்னும் சவர்க்காரம்தான் என்று மகனுக்குப் பழக்குங்கள். நீர் இல்லாத இடத்துக்குச் சனிடைசர் இருக்கட்டும். பாடசாலையில் கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர் குறைவு.

சத்தி எடுத்த இடத்தை, கையுறையோடு, உறிஞ்சும் கடதாசியால் முதலில் அள்ளி எடுத்து, சவர்க்கார நீரால் கழுவி, பிறகு 0.5 சதவீத பிளீச் பூசுங்கள். வயிற்றோட்டம் நின்ற பின்னரும் இரண்டு நாளாவது மகனை வீட்டில் வைத்திருங்கள்.

கேள்வி: 'கிருமிகளைக் கொல்லும்' என்று விளம்பரம் செய்யும் சவர்க்காரம் சாதாரண சவர்க்காரத்தைவிட நல்லதா?
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: வீட்டுப் பாவனைக்கு அப்படி நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016ஆம் ஆண்டில், டிரைக்ளோசான் உட்பட 19 இரசாயனப் பொருட்கள் சேர்த்த கை, உடல் கழுவும் தயாரிப்புகளின் விற்பனையைத் தடைசெய்தது. சாதாரண சவர்க்காரத்தையும் நீரையும்விட அவை மேலானவை என்பதற்கும், நீண்டகாலப் பாவனைக்குப் பாதுகாப்பானவை என்பதற்கும் தயாரிப்பாளர்கள் போதிய ஆதாரம் காட்டவில்லை என்பதே காரணம். மலிவான சவர்க்காரத்தை வாங்கி, நீர் வடியும் தட்டில் வையுங்கள்.

கேள்வி: கோழி இறைச்சியை மஞ்சள் போட்டு நன்றாகக் கழுவித்தான் சமைக்கிறேன். கழுவக்கூடாது என்று மகள் சொல்கிறாள். எது சரி?
– வாசகி, தெஹிவளை

பதில்: கோழி விடயத்தில் மகள் சொல்வதே சரி. குழாயின் கீழே பிடித்துக் கழுவும்போது, சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற கிருமிகள் நீர்த்துளிகளோடு தொட்டியைச் சுற்றித் தெறித்து, பக்கத்தில் இருக்கும் கீரையிலும் கழுவி வைத்த கோப்பையிலும் படும். இறைச்சியில் உள்ள கிருமியைக் கொல்வது சமையலின் வெப்பம், மஞ்சள் அல்ல. கழுவியே ஆகவேண்டும் என்று மனம் சொன்னால், ஓடும் நீரில் அல்லாமல், ஒரு பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, நீரைத் தெறிக்காமல் ஊற்றி, தொட்டியைச் சவர்க்காரமிட்டுத் தேயுங்கள். மீனைச் செதிலும் குடலும் நீக்கிக் கழுவாமல் முடியாது; அதற்கும் இதே கவனம் போதும். இறைச்சி வெட்டிய பலகையில் சம்பலுக்கு வெங்காயம் வெட்டாதீர்கள். சம்பல் அடுப்புக்குப் போவதில்லை. முடிந்தால் இரண்டு பலகை வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு வழுவழுத்தால் எறிந்துவிடுங்கள்.

கேள்வி: பேத்திக்குக் கொப்புளிப்பான் போட்டிருக்கிறது. வேப்பிலை கட்டியிருக்கிறோம். தண்ணீர் வார்க்கும்வரை குளிக்க வார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். வீடெல்லாம் மருந்து தெளிக்கலாமா?
– வாசகர், முகத்துவாரம்

பதில்: முதலில் மருமகளைப் பற்றி. அவருக்கு முன்னர் கொப்புளிப்பான் வந்ததில்லை என்றால், அல்லது வந்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், இன்றே மகப்பேற்று வைத்தியரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் இந்த நோய் கடுமையாகலாம். தடுப்பதற்கு வழி உண்டு, ஆனால் அது தொற்றுக்கு உள்ளான சில நாட்களுக்குள் செய்யப்பட வேண்டும். அதுவரை மருமகள் பேத்தியின் அறைக்குள் போகக்கூடாது.

வீடெல்லாம் மருந்து தெளிப்பதால் பயனில்லை. இந்த வைரஸ் காற்றின் வழியாகவும், கொப்புள நீரைத் தொடுவதாலும் பரவுகிறது. பேத்தியைத் தனி அறையில், யன்னலைத் திறந்துவைத்துப் பராமரியுங்கள். கொப்புளங்கள் எல்லாம் பொருக்காகும்வரை பாடசாலை வேண்டாம். ஆட்களின் மேலே தொற்றுநீக்கி தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டிலேயே கூடாது என்று அறிவித்துவிட்டது.

வேப்பிலையை வாசலில் கட்டுவதால் தீங்கு எதுவுமில்லை. உள்ளே நோயாளி இருக்கிறார் என்று வருவோருக்கு அது அறிவிக்கவும் செய்கிறது. குளிக்க வார்க்காமல் விடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். சொறிந்த கொப்புளத்தில் பற்றீரியா புகுந்து சீழ் வைப்பது இந்த நோயில் அடிக்கடி வரும் சிக்கல். நாளுக்கு ஒரு தடவை இளஞ்சூட்டு நீரில் மெதுவாகக் குளிப்பாட்டி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். துவாயை வேறு யாரும் பாவிக்க வேண்டாம். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். காய்ச்சலுக்கு வைத்தியர் சொன்ன அளவில் பரசிட்டமோல் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரூபன் இரண்டும் கொடுக்கக்கூடாது. பெரியவர்கள் மனம் வருந்தாமல் இருக்க, குளிக்க வார்க்கும் நீரில் வேப்பிலையைப் போட்டு அவித்து ஆறவைத்தே வாருங்கள்.